மரம் காயும் வரை

நான் மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் என்று தெரிந்தவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாளைக்கு மழை வருமா?" கல்யாணப் பந்தல் போடுகிறவர்கள், தீமிதிக்கு விறகு அடுக்கும் கோயில் கமிட்டிக்காரர்கள், துணி காயப்போடும் பக்கத்து வீட்டு அக்கா என்று ஒருவர் பாக்கியில்லை. பீடோங் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் என்னைப் பார்த்தாலே தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு வானத்தைக் காட்டுவார்.

"அண்ணே, நான் பல வருஷத்து மழையக் கணக்குப் பாக்கிறவ. நாளைய மழைக்கு வேற ஆபீசு இருக்கு" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் தெரியும் லா. வருமா வராதா, அதச் சொல்லு."

ஒருநாள் எரிச்சலில் "வராது" என்றேன். மறுநாள் கொட்டித் தீர்த்தது. அன்றிலிருந்து நான் வராது என்று சொன்னால் அவர் உடனே ஆள் விட்டுக் கடைவாசல் கித்தானை இறக்கிவிடுகிறார். என் துறையில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் இதுவும் ஒன்று.

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்த ஒரே ஆள் அம்மாதான். அம்மா கேட்காததால்தானோ என்னவோ, நான் சின்ன வயதிலிருந்து அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாளைக் காலையில் மழை வருமா? எனக்கு அது வானிலையைப் பற்றிய கேள்வி அல்ல. அம்மா வீட்டில் இருப்பாளா என்ற கேள்வி.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்குக்கும் புக்கிட் செலம்பாவுக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா மரம் வெட்டினாள், அதாவது பட்டையைக் கத்தியால் சீவி ரப்பர்ப் பால் எடுத்தாள். அப்பா பால் லாரி ஓட்டினார். விடிவதற்கு முன்பே பெரட்டு. வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் அந்தப் பெயர். அதற்குள் என்னையும் தம்பியையும் தூக்கக் கலக்கத்தோடு ஆயாக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். எனக்கு அந்தக் கொட்டகை பிடிக்காது. அழுகிற பிள்ளைகளின் சத்தமும் பால்மாவு வாசமும் இன்றைக்கும் மறக்கவில்லை. அங்கே உட்கார்ந்து விடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு பள்ளிக்கூடம். நான் திரும்பி வரும்போது அம்மா வீட்டில் இருப்பாள்தான், ஆனால் புளித்த பால் வாசத்தோடும், பேசத் தெம்பில்லாமலும் இருப்பாள்.

காலையில் மழை பெய்தால் எல்லாமே மாறிவிடும். ஈரப் பட்டையில் வெட்டினால் பால் வெட்டின கோட்டில் ஓடி, மரத்தில் கட்டிய மங்குக்குள் விழாது. பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் எல்லோரையும் நிறுத்திவைத்து, "மரம் காயட்டும்" என்பார். மழை சீக்கிரம் நின்றால் மரம் காயும்வரை காத்திருந்து போவார்கள். நிற்கவில்லையென்றால் அன்று வேலை கிடையாது. கூலியும் கிடையாது என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தலையில் பிளாஸ்டிக் துணியைப் போர்த்திக்கொண்டு அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்று என் பெயரைக் கூப்பிடுவாள் என்பதுதான். அந்தக் கூப்பிடுதலுக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன்.

மழை நாட்களில் அம்மாவிடம் பால் வாசம் வராது, தேங்காயெண்ணெய் வாசம்தான் வரும். மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தேங்காய் துருவிப் போடுவாள். என் தலையைப் பிரித்துப் பின்னிவிடுவாள். தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்தில் பேசுவது கேட்காது என்பதால் காதருகே வந்து கத்துவாள், நானும் கத்துவேன், இரண்டு பேரும் சிரிப்போம். இவ்வளவுதான் நடக்கும். இவ்வளவுக்குமேல் ஒரு நாளில் என்ன நடக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், எங்கள் பின்வாசலுக்கு நேராக, ரப்பர் நிரையின் முதல் மரம் நின்றது. அம்மா இருட்டோடு எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அந்த மரத்துப் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அதை நான் கவனித்து வைத்திருந்தேன். மழையே இல்லாமல் வெயில் கொளுத்திய ஒரு மாதத்தில், அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய் அந்த மரத்தின்மேல் ஊற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அம்மா கையை வைத்துப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். நட்சத்திரம் இருந்தது. விளக்கைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தாள். மரத்தடியில் மட்டும் வட்டமாக ஈரம். பிறகு உள்ளே வந்து என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏண்டி, மழை ஒனக்கு மட்டும் பேஞ்சிச்சா?"

நான் தூங்குவதுபோலக் கண்ணை இறுக்கிக்கொண்டேன். அம்மா சிரித்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஈரப் பாவாடையை மாற்றிவிட்டு, என்னைக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் எனக்குப் பொறுக்கவே இல்லை. நான் கொண்டுவந்த மழை செல்லாமல் போய்விட்டதே என்ற ஆத்திரம் பல நாள் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தேன். உதவித்தொகை கிடைத்து, மேற்படிப்புக்குக் குளிர் தேசம் ஒன்றுக்குப் போனேன். பருவக்காற்றைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் வேலை. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். செய்வது இதுதான்: பூமியின் மேலுள்ள காற்றையெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், ஈரம், காற்றின் வேகம் என்று எண்களைக் கொடுப்போம். அடுத்த சில நிமிடங்களில் என்ன ஆகும் என்று கணினி கணக்கிடும். அந்தக் கணக்கை வைத்து அதற்கடுத்த சில நிமிடங்கள். இப்படியே போய் ஒரு பருவத்தையே பெய்யவைப்போம். இதைத்தான் மாதிரி என்கிறோம்.

முதல்முறை அந்தக் கட்டங்களில் என் ஊரைத் தேடியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கோத்தா கோலா மூடாவின் கடலும் பீடோங்கின் ரப்பர் மரங்களும் ஒரே கட்டத்துக்குள் கிடந்தன. அதன் பாதி தண்ணீர், பாதி தரை. கணினிக்கு அது சதுப்பு நிலம் மாதிரி ஏதோ ஒன்று. அதைவிட மோசம், ஜெராய் மலையைக் காணோம். பிறந்ததிலிருந்து வாசலுக்கு வந்தால் கண்ணில் படும் மலை. மேகம் அதன் தலையில் உட்கார்ந்தால் குடையை எடு என்பார்கள். சுற்றியிருக்கும் தட்டை நிலத்தோடு சேர்த்துச் சராசரி போட்டதில் அது ஒரு மேடாகக்கூட மிஞ்சவில்லை.

மழையும் அப்படித்தான். எங்கள் கரையில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஒரு மழை உண்டு. இரவில் எங்கள் கரைக்கும் எதிரேயுள்ள தீவுக்கும் இடைப்பட்ட நீரிணையின் மேல் திரண்டு, நீளமாக ஒரு கோடு கட்டி, விடிவதற்குள் கரையேறி அடித்துவிட்டுப் போகும். சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வருவதால் அதற்குச் சுமத்ரா என்றே பெயர். அம்மாவை வீட்டில் உட்காரவைத்த மழை அதுதான். என் மாதிரியில் அது வரவே இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் நண்பகலில், சூரியன் உச்சிக்கு வந்ததும், யாரோ குழாயைத் திறந்துவிட்டதுபோலக் கொஞ்சம் மழை பெய்தது.

என் பேராசிரியர் நல்ல மனிதர். இந்தப் பக்கம் வந்ததே இல்லை. "நாளின் மொத்த மழை சரியாகத்தானே வருகிறது? அது காலையில் பெய்தால் என்ன, நண்பகலில் பெய்தால் என்ன?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "காலையில் பெய்தால் என் அம்மா வீட்டில் இருப்பாள். நண்பகலில் பெய்தால் இருக்க மாட்டாள்" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். தோட்டத்தைப் பற்றியும் ஈரப் பட்டையைப் பற்றியும் சொன்னேன். வாளித் தண்ணீரைச் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அப்படியென்றால் நேரத்தையே உன் ஆய்வாக எடுத்துக்கொள்" என்றார். நான் அன்றைக்குக் கோபப்படாமல் இருந்திருந்தால் வேறு எதையோ எடுத்திருப்பேன். கோபத்தால் எனக்கு நேர்ந்த நல்லது அது ஒன்றுதான் என்று அம்மா சொல்வாள்.

கட்டங்களைச் சிறிதாக்கினேன். கடலையும் தரையையும் பிரித்தேன். ஜெராய் மலையை அதன் இடத்தில் தூக்கி நிறுத்தினேன். கணினி நாட்கணக்கில் ஓடியது. முடிவு வந்தபோது படத்தில் கெடாவின்மேல் நல்ல கனத்த மழை, நேரம் ஐந்து. விடியற்காலை ஐந்து! நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். அறைத்தோழிக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடிப்போய் ஊருக்குப் போன் போட்டேன்.

"ம்மா, வந்துருச்சிம்மா! காலைல மழ வந்துருச்சி!"

"எங்க? இங்க வெயிலுல்ல அடிக்குது."

"இங்க இல்லம்மா, கம்ப்யூட்டர்ல."

"ஓ. சரி, சாப்ட்டியா?"

மறுநாள்தான் விளங்கியது. எங்கள் மாதிரிகள் எல்லாம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகின்றன. அதற்கும் மலேசியாவுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். என் ஐந்து மணி, ஊரில் மத்தியானம் ஒரு மணி. அதே பழைய மழை, பழைய நேரத்தில், கொஞ்சம் கனமாகப் பெய்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் துறையில் முதலாம் ஆண்டு மாணவர்கள் செய்யும் தப்பு. ஆசை கண்ணை மறைத்தால் யாரும் செய்வார்கள் என்று நான் இப்போது என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுபடியும் போன் போட்டுச் சொன்னேன்.

"மத்தியானமா? அப்ப நான் மரம் வெட்டிட்டு வீட்டுக்கே வந்துருப்பேன்ல" என்றாள். அந்தப் பக்கம் அவள் சிரித்த சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் எனக்கு அழுகை வந்தது.

பிறகு நாட்டுக்குத் திரும்பி வந்து தலைநகரில் வேலையில் சேர்ந்தேன். இரவில் நீரிணையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, கோத்தா கோலா மூடாவில் ஆற்று முகத்துவாரத்தருகே காற்றையும் மழையையும் அளக்கும் கருவியொன்றை நிறுத்தினோம். அதைப் பார்க்கப் போன ஒரு விடியற்காலையில் காற்று சட்டென்று குளிர்ந்தது. கடல் பக்கம் கரிய மதில் மாதிரி ஒன்று எழுந்து வந்தது. உடன் வந்த சீனத் தோழி நாங்கள் ஓட்டிவந்த காடிக்குள் ஓடிவிட்டாள். நான் நின்றேன். முதல் துளிகள் கன்னத்தில் சுள்ளென்று அடித்தபோது, தோட்டத்தில் இந்நேரம் மண்டோர் "காயட்டும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அங்கே மண்டோரும் இல்லை, ரப்பர் மரமும் இல்லை என்பது அடுத்த கணம்தான் நினைவுக்கு வந்தது.

தோட்டத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு அதற்குள் பல வருஷம் ஆகியிருந்தது. செம்பனைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. ஈரத்திலும் குலை வெட்டலாம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பீடோங்கில் ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீட்டுக்கு மாறியிருந்தாள். ஓட்டுக் கூரை, அதற்குக் கீழே தட்டிக் கூரை. மழை பெய்தால் சத்தமே கேட்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

அதற்கப்புறம்தான் என் மாதிரியில் அந்த மழை வந்தது. வேகமான கணினி கிடைத்து, நீரிணையின் இரவுக் காற்று சரியாக அமைந்து, படத்தில் ஒரு மெல்லிய கோடு சுமத்ராவிலிருந்து கிளம்பி நகர்ந்து நகர்ந்து விடியுமுன் கெடாவின் கரையைத் தொட்டது. நேரத்தை நான்கு தடவை சரிபார்த்தேன். மலேசிய நேரம்தான். அலுவலகத்தில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். படகுக்காரர்களுக்கு உதவும், வெள்ள எச்சரிக்கைக்கு உதவும் என்றார்கள். உதவவும் செய்கிறது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். சரியான மழையைச் சரியான நேரத்துக்கு நான் கொண்டுவந்து சேர்த்தபோது, அதற்காக வீட்டில் இருக்க வேண்டியவள் ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தாள். இப்போது வீட்டில் இல்லாதவள் நான்.

பெருநாளுக்குப் பெருநாள் வருவேன். வந்தாலும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். என்னோடு வந்து இரு என்றால் அம்மா கேட்பதில்லை. "அங்க வந்து லிப்டுல ஏறி எறங்கிக்கிட்டு இருக்கவா? தம்பி வீடு அடுத்த வரிசையில இருக்கு, எனக்கு அது போதும்" என்பாள்.

போன மாதம் வந்தது அப்படிப்பட்ட வரவு அல்ல. வெளிநாட்டு ஆய்வு மையம் ஒன்று இரண்டு வருஷத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முன் கிடைத்த பெரிய வாய்ப்பு. விமானத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்பிவிடுவதாகத் திட்டம். சொன்னபோது அம்மா, "குளிருக்குச் சட்ட இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு எண்பதை நெருங்குகிறது. இரண்டு வருஷம் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின மாலை, மீன் கறியை என் தட்டில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குக் காலையில மழ வருமா?"

என் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அம்மா என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. நான் என்ன செய்தேன்? படித்தவள் புத்தி. மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். நீரிணை துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது.

"வராதும்மா. ஒரு பொட்டுக்கூட வராது."

"ஓ" என்றாள் அம்மா. எழுந்து போய்ச் சட்டியைக் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த சட்டி அது.

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் முழுக்க ஈரம். என் காடியின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் துளிகள். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"மழ பேஞ்சிருச்சு."

நான் தெருவைப் பார்த்தேன். தார் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் காடியின்மேல் தூசியில் பூனைக் காலடிகள் அப்படியே இருந்தன. எங்கள் குழாயடியில் ரப்பர்க் குழாய் தாறுமாறாகச் சுருட்டிப் போடப்பட்டு, முனையில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் கைலி முழங்கால்வரை நனைந்திருந்தது.

நானும் அம்மாவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கேட்டேன்.

"மழை நம்ம வீட்டுக்கு மட்டும் பேஞ்சிச்சாம்மா?"

"ஆமா" என்றாள், கொஞ்சமும் அசராமல். "ஒன் கம்ப்யூட்டருக்கு என்னா தெரியும்? ஈரத்துல காடி ஓட்டக் கூடாது. காயட்டும். காஞ்சோன போ."

நான் மரத்தை நனைத்த அன்று அம்மாவால் இருக்க முடியவில்லை. பெரட்டு காத்திருந்தது, மண்டோர் காத்திருந்தார், கொட்டகை வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்க்க மட்டும்தான் அவளால் முடிந்தது. எனக்காக யார் காத்திருக்கிறார்கள்? கட்டி முடிக்காத இரண்டு பெட்டிகள்.

பையை உள்ளே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். தேங்காய் துருவுவது இப்போது என் வேலை. அதன்பின் என் பின்னால் வந்து நின்று என் நரைத்த தலையைப் பிரித்து, சீப்பால் வாரி, சின்னப் பிள்ளைக்குப் பின்னுவதுபோல இறுக்கிப் பின்னிவிட்டாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. பேசினால் கேட்டிருக்கும், கத்தத் தேவையில்லை, ஆனாலும் பேசவில்லை.

வெயில் ஏறியது. வாசலின் ஓரங்களிலிருந்து சிமெண்ட் வெளுத்துக்கொண்டே வந்தது. காடியின் கூரை முதலில் காய்ந்தது, பிறகு கண்ணாடி. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நடு வாசலில் ஒரு தட்டளவுதான் ஈரம் மிச்சமிருந்தது. அதுவும் போய்விட்டது.

"காஞ்சிருச்சு" என்றாள் அம்மா.

நான் எழுந்தேன். பையை எடுக்கத்தான் எழுந்தேன் என்று நினைத்து அம்மாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

நான் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.